கார் சூடேற மறுக்கிறதா? பட்டறைக்குப் போகும் முன் நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

போன குளிர்காலத்தில் என் கார் ஒரே புகாருக்காக மூன்று முறை பட்டறைக்குப் போய்வந்தது. அரை மணி நேரம் ஓட்டினாலும் ஹீட்டரிலிருந்து வெதுவெதுப்பான காற்றுதான் வரும். கையுறையைக் கழற்ற மனம் வராது. முதல் முறை ஹீட்டருக்குள் தண்ணீர் பாய்ச்சிக் கழுவினார்கள். இரண்டாம் முறை காருக்குள் வரும் காற்றுக்கான வடிகட்டியையும், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒரு குட்டி மோட்டாரையும் மாற்றினார்கள். இரண்டு முறையும் பணம் கட்டினேன்; இரண்டு முறையும் நடுங்கிக்கொண்டே வீடு திரும்பினேன். மூன்றாம் முறை ஒரு தாளில் எண்களைக் குறித்துக்கொண்டு போனேன். அன்றுதான் கோளாறு பிடிபட்டது: உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு.

அந்த எண்களை எடுக்க எனக்கு ஒரு மாலையும் ஒரு காலையும்தான் ஆயின. முதல் நாளே எடுத்திருந்தால் இரண்டு ரசீதுகள் மிச்சம். வெப்பமான ஊரில் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு எஞ்சின் கொதித்துவிடுமோ என்ற பயம் மட்டுமே பழக்கம். சூடாகாமல் போவதும் ஒரு நோய்தான் என்பது குளிரில்தான் தெரியவரும். கீழே சொல்வது பெட்ரோல், டீசல் கார்களுக்கு. முழு மின்சார கார்களில் ஹீட்டர் வேலை செய்யும் விதமே வேறு.

1. கோளாறுதானா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

கடுங்குளிரில் எல்லாக் கார்களும் மெதுவாகத்தான் சூடாகும். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் கார், மிதமாக ஓட்டினால் ஐந்து முதல் பத்து நிமிடங்களில் வெதுவெதுப்பான காற்றைத் தரும். வெளியே மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே என்றால் இன்னும் சில நிமிடங்கள் கூடும். டீசல் எஞ்சின் எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதால் வீணாகும் வெப்பம் குறைவு; அந்த வெப்பத்தை நம்பித்தான் ஹீட்டர் இருக்கிறது. அதனால் டீசல் கார் பதினைந்து, இருபது நிமிடங்கள் எடுத்துக்கொண்டால் பதற வேண்டாம். சிறிய டீசல் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் கடுங்குளிரில் அது முழுச் சூட்டை எட்டாமலே போகலாம். ஹைப்ரிட் காரில் எஞ்சின் இடையிடையே தானே நின்றுகொள்வதால் சூடு ஏறுவதும் விட்டுவிட்டுத்தான்.

பக்கத்து வீட்டுக் காரோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் காரைப் போன வருடத்து உங்கள் காரோடு ஒப்பிடுங்கள். வாங்கிய நாளிலிருந்தே இப்படித்தான் என்றால் அது அதன் சுபாவமாக இருக்கலாம். இந்த வருடம் மாறியிருந்தால் மேலே படியுங்கள். குறிப்பாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூட்டு முள் இறங்கி, நெரிசலில் நிற்கும்போது ஏறினால் அது சுபாவம் அல்ல, கோளாறு.

‘ஹீட்டர்தானே, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டால் போயிற்று’ என்று விட்டுவிடக் கூடாது. எஞ்சின் சூடாகாத வரை அதன் கணினி கூடுதலாகப் பெட்ரோலைச் செலுத்திக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக எஞ்சின் எண்ணெயில் கலக்கும். எரிப்பில் உண்டாகும் ஈரமும் ஆவியாகி வெளியேறாமல் உள்ளேயே தங்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடிப்பக்கம் வெண்ணெய் போல வெளுத்த பசை ஒட்டியிருந்தால் அந்த ஈரம்தான் காரணம். குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் காரில் இது சாதாரணம். பசையோடு சேர்ந்து கூலன்ட்டும், அதாவது எஞ்சின் சூட்டை ஏந்திச் சுற்றிவந்து ஹீட்டருக்கும் கொண்டுபோகும் திரவமும், குறைந்துகொண்டே வந்தால் சாதாரணம் அல்ல. எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் காரை ஓட்டாமல் பட்டறைக்குத் தூக்கிச் செல்லச் சொல்லுங்கள்.

2. புகாரை இரண்டாகப் பிரியுங்கள்

நான் செய்த தவறு இதுதான். ‘ஹீட்டர் வேலை செய்யவில்லை’ என்று போய்ச் சொன்னேன். ஹீட்டர் என்றேன், ஹீட்டரைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

உண்மையில் இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எஞ்சினே சூடாகவில்லையா? அல்லது எஞ்சின் சூடாகியும் அந்தச் சூடு உங்களிடம் வந்து சேரவில்லையா? முதலாவது என்றால் தெர்மோஸ்டாட் (சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு), கூலன்ட்டைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டரின் ஓயாமல் சுற்றும் ஃபேன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாவது என்றால் கூலன்ட் குறைவு, குழாய்க்குள் சிக்கிய காற்று, அடைபட்ட ஹீட்டர், டேஷ்போர்டுக்குள் திறக்காத கதவு என்று பட்டியல் வேறு. இதைப் பிரிக்காமல் எந்தப் பாகத்தையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள்.

3. முள்ளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

டேஷ்போர்டில் இருக்கும் சூட்டு முள் ஒரு சமாதானத் தூதர். இப்போதைய கார்கள் பலவற்றில் கூலன்ட் ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள், ஓட்டுநர் கலங்கக் கூடாது என்பதற்காக. சில கார்களில் முள்ளே இல்லை. நீல விளக்கு ஒன்று எரிந்து அணையும். அது அணைந்துவிட்டால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள் அல்ல, கடுங்குளிர் விலகிவிட்டது என்று மட்டுமே பொருள்.

சரியான எண் வேண்டுமானால், காரின் கணினியில் உள்ள தகவல்களைப் படிக்கும் ஓபிடி (OBD) கருவி ஒன்று வாங்குங்கள். தீப்பெட்டி அளவு இருக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் உள்ள பதினாறு துளைச் செருகியில் பொருத்தினால் புளூடூத் வழியாகக் கைபேசியில் எண்களைக் காட்டும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்தச் செருகி கட்டாயம். கருவியின் விலை பட்டறையில் ஒரு மணி நேரக் கூலியைவிடப் பெரும்பாலும் குறைவு. இந்த வேலைக்கு மலிவான கருவியே போதும். விலை உயர்ந்ததை வாங்கிவிடாதீர்கள்.

இரவு முழுவதும் வெளியில் நின்ற காரில், காலையில் எஞ்சினை இயக்கும் முன், சாவியை மட்டும் திருப்பிக் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். அது வெளி வெப்பநிலையை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே மைனஸ் 8 இருக்கும்போது கருவி 20 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எஞ்சினைச் சூடாக்கும் மின்சாதனத்தை இரவில் செருகி வைப்பவர்கள் இந்தச் சோதனையன்று அதைக் கழற்றிவிட வேண்டும்.

பிறகு வழக்கமான பாதையில் ஓட்டுங்கள். எண்களைப் பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும். தனியாகப் போனால் கருவியின் செயலியே பதிவு செய்துகொள்ளும். ஓட்டிக்கொண்டே கைபேசியைப் பார்க்க வேண்டாம். என் தாளில் இருந்தது இவ்வளவுதான்:

வெளியே மைனஸ் 8. பத்தாவது நிமிடம் 48. இருபதாவது நிமிடம் 61. நெடுஞ்சாலையில் 57. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றபோது 66.

நல்ல எஞ்சின் சூடானதும் 85 முதல் 105 டிகிரிக்குள் நிலைத்துவிடும். என்னுடையது 66ஐத் தாண்டவில்லை. வேகமாகப் போனால் குளிர்ந்தது. கடைசி இரண்டு எண்களைப் பார்த்ததும் மூன்றாவது மெக்கானிக் வேறு எதையும் கேட்கவில்லை.

கருவியிலேயே பிழைக் குறியீடுகளையும் பாருங்கள். பி 0128 என்று இருந்தால் கூலன்ட் எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை என்று கார் தானே கண்டுபிடித்திருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் குறியீடு இருக்காது என்று எண்ண வேண்டாம். இந்தப் பிழை அடுத்தடுத்த ஓட்டங்களில் உறுதியான பிறகே விளக்கு எரியும். அதுவரை ‘நிலுவையில்’ என்ற பகுதியில் காத்திருக்கும். என் காரில் விளக்கு ஒரு நாளும் எரியவில்லை. நிலுவையில் குறியீடு இருந்தது. படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், அழித்துவிடாதீர்கள். அழித்தால் சாட்சியையே அழித்ததாகும்.

4. கூலன்ட் அளவைப் பாருங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்

கூலன்ட் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது ஹீட்டர்தான். பல கார்களில் அது மேடான இடத்தில் இருப்பதால் காற்று போய் அங்கே தங்கிவிடும். காலையில், எஞ்சினை இயக்கும் முன், பானெட்டைத் திறந்து கூலன்ட் தொட்டியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே திரவம் இருக்கிறதா என்று பாருங்கள். சூடான எஞ்சினில் அந்த மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே ஏறத்தாழ ஒரு பார் (வெளிக்காற்றின் அழுத்தம் அளவு) அழுத்தம் கூடுதலாக இருக்கும். 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம், மூடி தளர்ந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும்.

அளவு குறைந்திருந்தால் ஊற்றுவது எளிது. எங்கே போனது என்று கேட்பதுதான் முக்கியம். கூலன்ட் மூடிய சுற்று, காரணமில்லாமல் குறையாது. முன்பக்கப் பயணியின் காலடி விரிப்பு நனைந்திருக்கிறதா, கண்ணாடியின் உட்பக்கம் துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பு படிகிறதா, உள்ளே இனிப்பான வாசனை வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹீட்டரே ஒழுகுகிறது.

இங்கே மூன்று குழிகள் இருக்கின்றன. ஒன்று, நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்குவது. பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்பவை நிறுவனங்கள் விருப்பப்படி சேர்க்கும் சாயம். ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. கார் கையேட்டில் உள்ள தரக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். பொருந்தாத வகைகளைக் கலந்தால் கூழாகி அடைக்கவும் கூடும். இரண்டு, ‘குளிர் அதிகம், எனவே தண்ணீர் கலக்காமலே ஊற்றுகிறேன்’ என்பது. பல கூலன்ட்டுகளின் முக்கியப் பொருளான எத்திலீன் கிளைக்கால், தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13க்குப் பக்கத்திலேயே உறைந்துவிடும். கலப்பதில்தான் பாதுகாப்பு. மூன்று, ஒழுகலை அடைக்கும் என்று விற்கப்படும் திரவம். அது துளையை அடைக்கிறதோ இல்லையோ, ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும் ஆபத்து உண்டு.

கீழே சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் கொடிய நஞ்சு. நாயும் பூனையும் நக்கிவிடும்; குழந்தைகளின் கைக்கும் எட்டக் கூடாது.

5. குழாயைத் தொட்டுப் பாருங்கள்

கருவி இல்லாதவர்களுக்கும் இந்தச் சோதனை கைகொடுக்கும். தெர்மோஸ்டாட் என்பது உள்ளே மெழுகு அடைத்த ஒரு வால்வு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடியே இருக்கும். கூலன்ட் எஞ்சினுக்குள்ளும் ஹீட்டருக்குள்ளும் மட்டும் சுற்றிவரும், ரேடியேட்டர் பக்கம் போகாது. 82 முதல் 95 டிகிரிக்குள், காருக்குக் கார் மாறும் ஒரு புள்ளியில், மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும். அது மூடாமல் மாட்டிக்கொண்டால் முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் முழுவதும் ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்க்காற்றில் ஆறித் திரும்பும். காரை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறீர்களோ அவ்வளவு காற்று. முள் இறங்குவது இதனால்தான்.

எஞ்சினிலிருந்து ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும் தடித்த ரப்பர் குழாயைக் கண்டுபிடியுங்கள். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை அந்தக் குழாயைத் தொடுங்கள். கழுத்துத் துண்டு, தொங்கும் கயிறு, தளர்ந்த கைப்பட்டி எதுவும் வேண்டாம். பெல்ட் சுற்றிக்கொண்டிருக்கும், ஃபேன் எப்போது வேண்டுமானாலும் கிளம்பும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் குழாய் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, பிறகு ஓரிரு நிமிடங்களில் கை வைக்க முடியாத சூடாகும். மாட்டிக்கொண்டிருந்தால் எஞ்சினோடு சேர்ந்து குழாயும் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். என் காரில் நான்காவது நிமிடத்திலேயே குளிர்ந்த விரல்களுக்கு இதமாக இருந்தது. அந்த இதம்தான் கோளாறு.

சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் கீழ்க்குழாய்ப் பக்கம் இருக்கும். அவற்றில் மேல்குழாய் முன்னதாகவே சூடாவது இயல்பாக இருக்கலாம். அப்போது கீழ்க்குழாயைப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் எண்களையே நம்புங்கள்.

அப்படியே ஃபேனையும் பாருங்கள். ஏசியும் கண்ணாடிப் பனி நீக்கியும் அணைந்திருக்க, குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் சுற்றினால் அதற்கு மின்சாரம் விடும் தானியங்கிச் சுவிட்சான ரிலே அல்லது சென்சார் பழுதாகியிருக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னால் தானே மூடித் திறக்கும் தட்டிகள் உள்ள காரில் அவை திறந்தபடியே நின்றாலும் சூடேறுவது தாமதமாகும்.

6. எஞ்சின் சூடு, உள்ளே குளிர் என்றால்

கருவி 90 காட்டுகிறது, உங்கள் கால்கள் மட்டும் மரத்துப்போகின்றன. அப்போது எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு மெல்லிய குழாய்களைத் தேடுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இரண்டையும் கவனமாகத் தொடுங்கள்.

இரண்டும் சூடு என்றால் வெப்பம் ஹீட்டர் வரை வந்துவிட்டது. குறை டேஷ்போர்டுக்குள், சூடான காற்றையும் குளிர்க்காற்றையும் கலக்கும் சிறு கதவில். சூட்டைக் கூட்டிக் குறைக்கும்போது உள்ளே ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் அதை நகர்த்தும் மோட்டாரின் பல் உடைந்திருக்கும். என் காரில் மாற்றியது இதைத்தான். சத்தமே வராத நல்ல மோட்டார் அது.

ஒன்று சூடு, மற்றது ஆறிப்போயிருக்கிறது என்றால் ஹீட்டர் அடைத்திருக்கிறது. இந்த நிலையில் மட்டுமே அதைக் கழுவுவதில் பொருள் உண்டு. இரண்டுமே குளிர் என்றால் கூலன்ட் குறைவு, சிக்கிய காற்று, அல்லது பழைய கார்களில் ஹீட்டர் வழியில் இருக்கும் வால்வு மூடிக்கொண்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடான காற்றும் விட்டால் குளிர்க்காற்றும் வந்தால் முதலில் கூலன்ட் அளவு, அடுத்து காற்றுச் சிக்கல், கடைசியாகக் கூலன்ட்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் என்ற வரிசையில் சந்தேகியுங்கள். காற்று சூடாகத்தான் வருகிறது, ஆனால் மூச்சு முட்டுகிறாற்போல் மெல்ல வருகிறது என்றால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும்; ஐந்து நிமிட வேலை.

7. தெர்மோஸ்டாட் மாற்றும்போது

பாகத்தை வண்டியின் சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். ஒரே மாடலில் எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். வால்வின் மேல் அது திறக்கும் வெப்பநிலை பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். கையேடு சொல்லும் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். குளிருக்காகக் கூடுதல் எண் உள்ளதையோ, எஞ்சினைக் குளிர்ச்சியாக வைக்கும் என்று குறைந்த எண் உள்ளதையோ யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டு ஓட்டலாம் என்பவர்களின் பேச்சையும் கேட்காதீர்கள். குளிர்காலத்தில் அது இந்த நோயை விலைகொடுத்து வாங்குவது.

புது ரப்பர் வளையம் அல்லது கேஸ்கெட் கட்டாயம். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் சிறு துளையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது காற்று வெளியேறும் வழி. நின்றவாக்கில் பொருத்தும் எஞ்சின்களில் பொதுவாக மேலே வரும்படி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கூட்டின் போல்ட்டுகளை மிகையாக முறுக்கினால் கூடு விரிசல் விடும்.

கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதைக் கையில் வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஐஸ் போலக் குளிர்ந்திருந்த அந்தப் பித்தளை வட்டத்தின் ஒரு ஓரத்தில், நகத்தின் தடிமன் அளவுக்குப் பிறை போல வெளிச்சம் கசிந்தது. வால்வுக்கும் விளிம்புக்கும் நடுவே துருச் செதில் ஒன்று சிக்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாகத்தான் குளிர்காலம் முழுவதும் என் ஹீட்டர் ஆறியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் பழையதை ஒரு பாத்திரத்தில், அடியில் படாமல் நூலில் தொங்கவிட்டுத் தண்ணீரைச் சூடாக்குங்கள். வெப்பமானியில் எந்த எண்ணில் திறக்கிறது, ஆறும்போது முழுவதும் மூடுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

8. கூலன்ட்டில் சிக்கிய காற்றை வெளியேற்றாமல் காரைப் பட்டறையிலிருந்து திரும்ப எடுக்காதீர்கள்

தெர்மோஸ்டாட் மாற்றிய மறுநாள் காலை எனக்கு நெஞ்சு உடைந்தது. எஞ்சின் 88 காட்டியது; ஹீட்டரில் பனிக்காற்று. மீண்டும் ஏமாந்தோம் என்று நினைத்தேன். பானெட்டைத் திறந்தால் கூலன்ட் அளவு கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தது. நிரப்பும்போது உள்ளே தங்கிய காற்று இரவில் எஞ்சின் ஆறியபோது இடம் மாறியிருக்கிறது.

முறை இதுதான். காரின் முன்பக்கம் சற்று மேடாக நிற்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வேகத்தைக் குறைத்து வையுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். கூலன்ட் வழியில் காற்றை வெளியேற்றும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று திரவம் மட்டும் வரும்போது இறுக்குங்கள். பிறகு கையேடு சொல்லும் முறைப்படி எஞ்சினை இயக்கி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிடுங்கள். சில கார்களில் வெற்றிடக் கருவியால்தான் நிரப்ப வேண்டும். மின்சார வாட்டர் பம்ப் உள்ள கார்களுக்கென்று தனி முறையே உண்டு. அவற்றில் கை வைக்காமல் பட்டறைக்கு விடுவது நல்லது.

9. தாள்கள், கூலி, நேரம்

பட்டறைக்குப் போகும்போது நான்கு தாள்கள் கையில் இருக்கட்டும்: கையேட்டில் கூலன்ட் வகையும் அளவும் உள்ள பக்கம், கூலன்ட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்பதற்கான ரசீது, வாரண்டி ஆவணம், நீங்கள் குறித்த எண்கள். வாரண்டி முடியவில்லை என்றால் நீங்களாக எதையும் கழற்றாதீர்கள். எண்களைக் காட்டிவிட்டு, ‘இதற்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள்; ‘இதை மாற்றுங்கள்’ என்று சொல்லாதீர்கள். நீங்கள் சொன்ன பாகத்தை மாற்றியும் சரியாகவில்லை என்றால் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

செலவை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்: சோதனைக் கட்டணம், பாகம், கூலி, கூலன்ட் தனித்தனியாக. தனி வால்வாகக் கிடைக்கும் தெர்மோஸ்டாட் மிகவும் மலிவு. கூட்டோடும் சென்சாரோடும் ஒன்றாக வருவது பல மடங்கு விலை. எளிதில் எட்டும் இடத்தில் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேர வேலை. ஆனால் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் கூலி பாகத்தின் விலையை விழுங்கிவிடும். ஹீட்டரை மாற்றுவதில் கதையே கூலிதான். பல கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அதனால் இரண்டு குழாய்களையும் தொட்டுக் காட்டாமல் யாராவது ‘ஹீட்டர் போய்விட்டது’ என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வாட்டர் பம்ப்தான் காரணம் என்று உறுதியாகி, அது எஞ்சினின் உள்பாகங்களை ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டில் ஓடுவது என்றால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும் கூலி ஒரு முறைதான்.

குளிரின் முதல் வாரத்தில் பட்டறைகளில் கூட்டம் அலைமோதும். காற்று சில்லென்று வீசத் தொடங்கும்போதே சோதித்துவிட்டால் இடமும் கிடைக்கும், பாகமும் கிடைக்கும்.

10. சரியாகும் வரை எப்படி ஓட்டுவது

நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்க முயலாதீர்கள். மிதமாக ஓட்டினால்தான் விரைவில் சூடாகும். முன்கண்ணாடியைச் சுரண்டித் துடைத்து, அரை நிமிடம் கழித்துக் கிளம்புங்கள். சூடாகும் வரை எஞ்சினை விரட்டாதீர்கள். மூடிய கொட்டகைக்குள் ஒரு நிமிடம்கூட எஞ்சினை இயக்க வேண்டாம். பனி குவிந்த இடத்தில் புகைக்குழாய் புதைந்திருந்தால் முதலில் அதைத் தோண்டியெடுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

முதல் சில நிமிடங்கள் காற்று வேகத்தைக் குறைத்து வையுங்கள். உள்காற்றையே சுழலவிடும் பொத்தான் விரைவில் சூடாக்கும், ஆனால் கண்ணாடியில் ஆவி படியும். படிந்தவுடன் வெளிக்காற்றுக்கு மாற்றி ஏசியையும் போடுங்கள். குளிரில் ஏசியா என்று சிரிக்க வேண்டாம், அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை வைத்து மறைப்பவர்கள் உண்டு. பலன் தரும்தான். ஆனால் வெயில் வந்த நாளில் எடுக்க மறந்தால் எஞ்சின் கொதித்துவிடும். எண்ணைக் கருவியில் பார்த்துக்கொண்டே இருக்க முடியாதவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

11. சரிசெய்த பிறகு

மறுநாள் காலையிலும் ஒரு வாரம் கழித்தும் கூலன்ட் அளவைப் பாருங்கள். முதல் முறை சற்றுக் குறைந்தால் நிரப்புங்கள். இரண்டாம் முறையும் குறைந்தால் ஒழுகல் எங்கோ இருக்கிறது. மாதக்கணக்கில் எஞ்சின் சூடாகாமல் ஓடியிருந்தால் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். பிறகு அதே பாதையில், அதே நேரத்தில், மறுபடி எண்களைக் குறித்துப் பழைய தாளிலேயே கீழே எழுதுங்கள். என்னுடையது இது:

வெளியே மைனஸ் 7. பத்தாவது நிமிடம் 84. நெடுஞ்சாலையில் 90. சிக்னலில் 91. பன்னிரண்டாவது நிமிடத்தில் கையுறையைக் கழற்றினேன்.